அதுல யாரு குடியிருக்கா?

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதுவும் அவருக்கு ஒரு பெருமையாகப் போய்விடும். ஏற்கெனவே இந்த மலையில் அவருடைய பெருமை பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒண்டிக்கடையில் டீ குடிக்க நின்றால் போதும், "ஏனுங்க, அண்ணன் எப்படி இருக்கறாருங்க?" என்பதுதான் என்னிடம் எவரும் கேட்கிற முதல் கேள்வி. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பவர் ஒருவர்தான். அவர் டீக்கடைக்காரர், அவருக்கு நான் பாக்கி வைத்திருக்கிறேன்.

அவர் என் பெரியப்பா மகன். என்னைவிட மூன்று வயது மூத்தவர். தலைச்சோலைச் சரிவில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக இருந்த காப்பித் தோட்டத்தை அப்பாக்கள் காலத்தில் நடுவில் கோடு போட்டுப் பிரித்தார்கள். மேற்குப் பாதி அவருக்கு, கிழக்குப் பாதி எனக்கு. ஒரே மண், ஒரே சரிவு, ஒரே மழை. நடுவே நாலு இழை முள்கம்பி. ஆகவே இரண்டு தோட்டத்துக்கும் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால், அதற்கு மண்ணையோ வானத்தையோ கைகாட்ட எனக்கு வழியே இல்லாமல் போய்விட்டது.

வித்தியாசம் தெரிந்தது. எனக்கு வந்தது பங்காளிக் காய்ச்சல்தான், மறைக்கவில்லை. பாராசிட்டமாலுக்கு இறங்குகிற காய்ச்சல் இல்லை அது. இருபது வருஷத்துக்கு மேல் என் உடம்பில் இருந்தது.

ஒரு கிளையை வெட்ட நான் எடுத்துக்கொள்வது ஒரு நிமிஷம். அவருக்கு மூன்று நாள் வேண்டும். அரிவாளை முதுகுப்பக்கம் சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டு மரத்தை இடமாக ஒருமுறை, வலமாக ஒருமுறை சுற்றுவார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார். பிறகு யாரையோ விசாரிப்பதுபோல ஒரு கேள்வி கேட்பார்: "அதுல யாரு குடியிருக்கா?"

மரத்துக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். வேலியோரத்துப் புதர், கிணற்றடிக் கல், மழையில் கவிழ்ந்து கிடக்கும் பக்கெட், உடைந்த ஓடு என்று எதையும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் அவர் நகர்த்தியதில்லை. பதில் அநேகமாக இருக்கும். எறும்பு, பூரான், தவளை, சிலந்தி, பெயர் தெரியாத ஏதோ ஒரு முட்டை. "குடியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார். என்னிடமிருந்து இரவல் வாங்கிய மண்வெட்டியை ஒருமுறை இப்படித்தான் எட்டு மாதம் திருப்பித் தரவில்லை. காம்புத் துளையில் குளவி மண்கூடு கட்டியிருந்ததாம். என் மண்வெட்டி, அவருடைய குளவி!

அவருடைய சமையலறை விஷயம் மலை முழுக்கத் தெரியும். அடுப்புக்கு நேர் மேலே ஓட்டுக்கூரையின் கைமரத்தில் குளவிகள் பெரிய கூடாக வைத்துவிட்டன. வேறு யாராக இருந்தாலும் பந்தம் கொளுத்தியிருப்பார்கள். இவர் அடுப்பைத் தூக்கி வெளியே சாய்ப்பில் வைத்தார். ஆடி மாத மழை, சாரல், காற்று. நான் போனபோது அண்ணி ஒரு கையில் குடையும் ஒரு கையில் கரண்டியுமாக நின்றார்.

"தம்பி, நீங்களே கேளுங்க. இந்த ஊட்டுல குளவிக்கு எடமிருக்குதுங்க, தவளைக்கு எடமிருக்குதுங்க. எனக்கு ஒரு அடுப்பு வைக்கத்தான் எடமில்லீங்க."

அண்ணன் வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டே பேசினார். அது அவருடைய இன்னொரு பழக்கம், எதிரே உட்கார முடியாது. "ரண்டு மாசந்தான். குஞ்சு பறந்துபோச்சுன்னா அதுங்களே காலி பண்ணிப்போடும். அவரைப் பந்தல்ல போய்ப் பாரு தம்பி, ஒரு புழு இருக்குதான்னு. எல்லாம் இதுங்க தூக்கிட்டு வந்து குஞ்சுக்குக் குடுத்துருச்சுங்க."

போய்ப் பார்த்தேன். புழு இல்லை. என் வீட்டு அவரைப் பந்தலில் அந்த வருஷம் காயைவிடப் புழு அதிகம். அண்ணி அவரைத் திட்டியதில் எனக்குக் கிடைத்திருந்த சந்தோஷம் அந்தப் பந்தலடியில் போய்விட்டது.

என் தோட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் சோம்பேறி என்று நினைப்பீர்கள். காப்பிக்காக எங்கே கூட்டம் போட்டாலும் முதல் வரிசையில் உட்காருகிறவன் நான். களை ஒன்று தலைகாட்ட விடமாட்டேன். சருகைக் கூட்டி அள்ளிவிடுவேன். பழைய பலாவையும் நாவலையும் எடுத்துவிட்டு, வரிசை பிடித்து சில்வர் ஓக் வைத்தேன். வழியில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள் என்று தலைவாரிப் பொட்டு வைத்தமாதிரி வைத்திருந்தேன். நின்றவர்கள் வேலிக்கு அந்தப் பக்கத்தைத்தான் பார்த்தார்கள். அங்கே பலாவும் அத்தியும் ஆரஞ்சும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, பட்டப்பகலில் டார்ச் அடித்துக்கொண்டு போகவேண்டிய இருட்டு.

ஒரு தை மாதம் பறவை பார்க்கிறவர்கள் நாலு பேர் நீளக் குழாய் வைத்த கேமராக்களோடு அவர் தோட்டத்துக்கு வந்தார்கள். காலையிலிருந்து மத்தியானம்வரை வெளியே வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "நம்ம தோட்டத்தையும் வந்து பாருங்க" என்று வலியப் போய்க் கூப்பிட்டேன். வந்தார்கள். ரொம்பச் சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்றார்கள். காப்பி குடித்தார்கள். அந்த நேரம் பார்த்து என் சில்வர் ஓக்கில் ஒரு பறவை வந்து உட்கார்ந்தது. எல்லோரும் கேமராவைத் தூக்கினார்கள். அது எச்சமிட்டது, வேலியைத் தாண்டிப் பறந்தது, அண்ணன் தோட்டத்து நாவலில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தது. எனக்குக் கொடுத்தது எது, அவருக்குக் கொடுத்தது எது என்று கவனியுங்கள்.

அதையும் தாங்கிக்கொண்டேன். என் மகள் செய்ததைத்தான் தாங்க முடியவில்லை.

அவள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. சூழ்நிலையியல் என்று ஒரு பாடம் வந்தது. உயிர்கள் ஒன்றோடொன்றும், தாம் இருக்கிற இடத்தோடும் எப்படிக் கொண்டு கொடுத்து வாழ்கின்றன என்பதுதான் அந்தப் பாடமாம். டீச்சர் வீட்டுவேலை கொடுத்திருந்தார். நாலு குச்சி நட்டு நூல் கட்டி, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரத்துக்குள் இருக்கிற உயிர்களையெல்லாம் எழுதிவர வேண்டும். வெவ்வேறு இடத்தில் இரண்டு சதுரம். அவள் ஒன்றைப் பெரியப்பா தோட்டத்தில் போட்டாள், ஒன்றை என் தோட்டத்தில். அங்கே இரண்டு நாள் மண்டிபோட்டு உட்கார்ந்து நோட்டுப் பக்கம் போதாமல் பின்னட்டையிலும் எழுதினாள். சருகைத் தின்கிறது எது, அதைத் தின்கிறது எது, செத்ததை மக்கவைக்கிறது எது என்று அம்புக்குறி போட்டுப் படம் வரைந்தாள். என் சதுரத்துக்குக் கால்மணி நேரம் ஆனது. அரைப் பக்கம். கடைசி வரியில் "அப்பாவின் செருப்புத் தடம்" என்று எழுதியிருந்தாள்.

"இதையெதுக்கு எழுதுனே?" என்றேன்.

"வேற ஒண்ணும் இல்லீங்கப்பா" என்றாள். குறும்பாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே முடிவு செய்தேன்: அவர் தோட்டத்தில் பறவை பாடட்டும், என் தோட்டத்தில் காய் காய்க்கும். வெயிலை உள்ளே விட்டால் காய் கூடும் என்று ஒரு கூட்டத்தில் யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. எவ்வளவு விடவேண்டும் என்று அந்த ஆள் சொன்னதை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பூமழை பெய்து, காப்பி பூத்து முடிந்த கையோடு நிழல் மரங்களைக் கழிப்பது எங்கள் வழக்கம். அளவாகக் கழிப்பார்கள். நான் அந்த வருஷம் ஆள்விட்டு எல்லாவற்றையும் மொட்டையடித்தேன். பாக்கி நின்றது வேலியோரத்து அத்தி ஒன்றுதான். பெரிய மரம். அடிமரம் என் பக்கம். நிழல் இரண்டு பக்கமும் விழும், அதனால் அண்ணன் தன் ஓரத்தில் வேறு மரம் வைக்காமல் காப்பி மட்டும் வைத்திருந்தார். அத்தியை அடுத்த திங்கட்கிழமைக்கு வைத்திருந்தேன். வியாழக்கிழமை அண்ணன் வேலியருகே வந்தார்.

"தம்பி, அத்தியக் கழிக்கப்போறயாமா?"

"ஆமாண்ணா. என்ற பக்கந்தானே நிக்குது."

"உன்ற பக்கந்தான், நான் இல்லைங்கல. ஒரு மூணு வாரம் பொறுத்துக்க சாமி. பட்டுப்போன கெளைல மரங்கொத்தி குடியிருக்குது. குஞ்சு வுட்டிருக்குது."

அவர் கம்பிமேல் கையை வைத்துக்கொண்டு என் மொட்டை மரங்களைப் பார்த்தார். "காப்பிக்குத் தலைல வெயில் பட்டாப் பரவால்ல. கால்ல படக்கூடாது தம்பி. வெயிலடிக்கிற தண்டாப் பாத்துத்தான் வண்டு முட்டை வெக்கும்."

என் மகசூல் ஏறிவிடுமோ என்று அவருக்குப் பொறாமை! அப்படித்தான் எனக்குப் பட்டது. சிரிக்காதீர்கள், காய்ச்சல்காரனுக்குத் தேனும் கசக்கும். திங்கட்கிழமைக்கு வைத்திருந்ததை வெள்ளிக்கிழமையே முடித்தேன், கழிக்கவில்லை, அடியோடு வெட்டினேன்.

பட்ட கிளை விழுந்து உடைந்தது. பொந்துக்குள் இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகள். அண்ணன் கம்பிக்கு அடியில் குனிந்து வந்து, அந்தப் பொந்துத் துண்டை அப்படியே தூக்கிக்கொண்டு போனார். தன் பக்கத்துப் பலாமரத்தில் கயிறு போட்டுக் கட்டினார். தாய்ப்பறவை வருகிறதா என்று மூன்று நாள் தூரத்தில் நின்று பார்த்தார். அது அத்தி நின்ற இடத்தையே சுற்றிச் சுற்றிப் பறந்தது, பலாவுக்கு வரவில்லை. நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றில் தோற்பதை முதன்முதலாகப் பார்க்கிறேன் என்று எனக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் இருந்தது.

அந்த வருஷம் எனக்கு நல்ல காய். கிளை தாங்கவில்லை. ஒண்டிக்கடையில் நானாகவே பேச்சை எடுத்து எல்லோரிடமும் சொன்னேன். அடுத்த வருஷம் வேலியோரத்துச் செடிகள் மஞ்சளாக ஆரம்பித்தன. மேற்கு வெயில் நேராக அடிக்கிற வரிசைகள் அவை. முன்பு அத்தி மறைத்துக்கொண்டிருந்தது. தண்டைத் தடவினால் வளையம் வளையமாக மேடு தட்டியது. ஒன்றை ஆட்டினேன், ஒடிந்து கையோடு வந்துவிட்டது. உள்ளே புழு குடைந்து சுரங்கம் வைத்திருந்தது.

எனக்கு அது என்னவென்று தெரியும். உடனே பிடுங்கி எரிக்க வேண்டும், புழு வண்டாகி வெளியே பறப்பதற்குள். அதுவும் தெரியும். ஆனால் பிடுங்கினால் வரிசையில் பொக்கை விழும். பொக்கை விழுந்தால் அவர் பார்ப்பார். உரம் போதவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு இரண்டு மாதம் சும்மா இருந்தேன்.

அவர் ஒருநாள் தானாக வந்தார். குனிந்து தண்டை விரலால் தடவினார். "குடி வந்துட்டாங்க தம்பி. இந்த ஓரத்தைப் பூராப் புடுங்கி இன்னிக்கே எரிச்சுப்போடு. நானும் கடப்பாரை எடுத்துட்டு வர்றேன்."

அவமானத்தில் எனக்கு வாய் கோணிக்கொண்டது. "புழுவும் குடியிருக்கற சீவந்தானுங்களே அண்ணா? உங்க சட்டப்படி எரிக்கலாமுங்களா?"

அவர் கோபப்படவில்லை. ஒடிந்த தண்டை எடுத்துப் புழு வைத்த சுரங்கத்தைக் காட்டினார்.

"அதத் திங்கறவன் இங்கதான் குடியிருந்தான்" என்றார். "அவனக் காலி பண்ண வெச்சது நாமதானே."

நீதானே என்று சொல்லவில்லை. நாம் என்றார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். "உங்க தோட்டத்தப் போய்ப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன். போய்விட்டார். நான் பிடுங்கவில்லை. வண்டு பறந்தது. மறு வருஷத்துக்குள் என் தோட்டத்தில் சரிபாதிக்குமேல் போய்விட்டது. மகளை டிகிரிக்கு மேலேயும் படிக்கவைக்க அந்தத் தோட்டத்தைத்தான் நம்பியிருந்தேன். அவளுக்குச் சொன்ன காலேஜ் ஒன்று, சேர்த்த காலேஜ் வேறு.

அந்த ஆடியில் அண்ணன் ஒரு காரியம் செய்தார். வேலியை ஒட்டித் தன் பக்கத்தில் நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த காப்பி வரிசை ஒன்றை முழுதாகப் பிடுங்கினார். அந்த இடத்தில் முள்முருங்கைக் கொம்புகளைக் கைக்கு எட்டும் தூரத்துக்கு ஒன்றாக வரிசையாக நட்டார். சாப்பிடுகிற முருங்கை இல்லை, கல்யாணத்துக்குப் பந்தல்கால் நடுவார்களே, அது. ஈர மண்ணில் குத்தினால் போதும், இரண்டு வருஷத்தில் தழைத்து மறைத்துவிடும்.

"எதுக்குண்ணா இது?" என்று கேட்டேன். அப்போது எங்களுக்குள் பேச்சு அனேகமாக நின்றுவிட்டிருந்தது.

"வெயில் அடிக்குதுல்ல தம்பி" என்றார்.

பொய் என்று நினைத்தேன். டார்ச் அடித்துப் போகிற தோட்டத்துக்கு நிழல் எதற்கு? எனக்குப் புரிந்துவிட்டது. பட்டுப்போன பங்காளி பக்கத்தில் நின்று பச்சைத் தோட்டத்தைப் பார்த்தால் கண் பட்டுவிடும். எங்கள் பக்கத்தில் கண்ணுக்குப் பூசணி கட்டுவார்கள், படிகாரம் தொங்கவிடுவார்கள். இவர் என் ஒருவனுடைய கண்ணுக்காக மரத்தாலேயே திரை கட்டுகிறார், அதுவும் முள்மரத்தால். "எங்கண்ணன் என்ற கண்ணுக்குப் பயந்து வேலியடைச்சுட்டாருங்க" என்று ஒண்டிக்கடையில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் காதுக்குப் போகாமல் இருந்திருக்காது. அதற்குப் பிறகு ஏழு வருஷம், கல்யாணம் கருமாதியைத் தவிர வேறெங்கும் நான் அவரோடு பேசவில்லை.

புதுக் கன்றுகள் வைத்தேன். நடுத்தோட்டத்தில் வைத்தவை திணறித் திணறி வந்தன. வேலியோரத்தில் வைத்தவைதான் முதலில் தேறின, இலை கருகருவென்று. நான் வைத்த உரத்தின் பலன் என்று கேட்டவரிடமெல்லாம் சொன்னேன்.

போன வருஷம் அவருக்குச் சர்க்கரை ஏறிக் கண் மங்கிவிட்டது. அவருடைய மகள் வந்து அவரையும் அண்ணியையும் சேலத்துக்கு அழைத்துப்போனாள். மூன்றாவது மாடி. கிளம்பும்போது தோட்டத்துச் சாவியை என் கையில் வைத்தார். "பாத்துக்க" என்ற ஒரு சொல்தான். இருபது வருஷமாக நான் பொறாமைப்பட்ட தோட்டம் என் கைக்கு வந்துவிட்டது. முதல் வேலையாக அந்தத் திரையைக் கிழிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

புரட்டாசியில் ஒருநாள் அரிவாளோடு போனேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். எந்த மரத்திலிருந்து தொடங்கலாம் என்று அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் முதுகில் சுள்ளென்று வெயில். மேற்கிலிருந்து அடிக்கிறது. முருங்கைகளின் நிழல் என் காலடியில் இல்லை. வேலியைத் தாண்டி அந்தப் பக்கம் நீளமாக விழுந்து கிடந்தது, என் கன்றுகளின் மேல். கிழக்கே என் தோட்டத்தில் அது எதுவரை நீள்கிறதோ அதுவரை செடிகள் கருகருவென்று இருந்தன. நிழல் முடிந்த இடத்தில் வெளுக்க ஆரம்பித்தன, கோடு போட்டமாதிரி. அவர் பிடுங்கி எறிந்த வரிசையில் வந்திருக்கவேண்டிய காயெல்லாம் எனக்கு நினைவு வந்தது. ஒண்டிக்கடையில் சிரித்த சிரிப்பும் நினைவு வந்தது. கீழே உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே உட்கார்ந்தபடியே போன் செய்தேன். மன்னிப்பு என்று ஆரம்பிக்க வாய் வரவில்லை. அண்ணன் தம்பிக்குள் அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் பழகியதில்லை.

"அண்ணா, நான்தான். தோட்டத்துல இருக்கறேன். இந்த வேலியோரத்து முருங்கைய வெட்டிப்போடலாமான்னு வந்தேன்" என்றேன்.

அவர் ஏதோ மென்றுகொண்டிருந்தார், வாயில் சோறோடு பேசுகிற பழக்கம் மூன்றாவது மாடிக்குப் போயும் போகவில்லை. பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"அதுல யாரு குடியிருக்கா, பாத்தியா?"

அரிவாளைக் கீழே வைத்தேன்.

"நாந்தாண்ணா" என்றேன்.

மெல்லுகிற சத்தம் நின்றது.

"அப்ப வெட்டாத சாமி" என்றார்.